நாகபுரி: இழந்த தலைமையும் எஞ்சிய உறுதிமொழியும்

(மொழிவழி மாநிலங்கள் குறித்த பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புகழேந்திப் புலவரின் நளவெண்பாவைப் பயின்றவர்க்கு விதர்ப்பம் என்னும் பெயர் புதிதன்று. தமயந்தி பிறந்த நாடு அது. அன்னத்தைத் தூதாக்கிய நளன் நெஞ்சம் பறந்து சென்ற நாடும் அதுவே. அந்நாட்டின் பழங்கதையை அறிந்த தமிழர் பலர். அதன் இற்றைக் கதையை அறிந்தவரோ மிகச் சிலர். மொழியுரிமையிலும் மொழிவழி மாநிலக் கொள்கையிலும் ஊன்றி நிற்கும் தமிழர்க்கு அவ்விரண்டாம் கதையே இன்றியமையாதது. அக்கதையின் நடுவே நிற்பது நாகபுரி.

தலைநகர் என்பது பெரிய ஊர் என்னும் அளவில் முடிவதன்று. சட்டம் பிறக்குமிடம் அது. வரிப்பணம் சென்று சேருமிடம் அது. எளியவன் தன் குறையை எடுத்துரைத்துத் தீர்வு வேண்டி நிற்குமிடமும் அதுவே. தலைநகர் எங்கு அமைகின்றதோ, அங்குச் சாலையும் கல்வியும் தொழிலும் தாமே வந்து சேர்கின்றன. அது பெயர்ந்து போகுமாயின், அவையும் மெல்ல மெல்லப் பெயர்ந்து விடுகின்றன. ஒரு பெரும்பரப்பிற்குத் தலைநகராக இருந்து, ஒரே நாளில் அந்நிலையை இழந்து, இரண்டாம் தலைநகர் என்னும் பெயரை மட்டும் கையில் ஏந்தி நிற்கும் நகர் நாகபுரி. அதன் வரலாறு மொழிவழி மாநிலக் கொள்கைக்கு ஓர் உரைகல்லாகும்.

தோற்றுவித்தவர் யாவர்?

நாகபுரியைத் தோற்றுவித்தவர் மராட்டியருமல்லர், இந்தி பேசுநருமல்லர், ஆங்கிலருமல்லர். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேவகட் என்னும் மலைக்கோட்டையிலிருந்து ஆண்ட கோண்டு அரசர் பக்த் புலந்து என்பார், நாக் ஆற்றங்கரையில் சிதறிக் கிடந்த சிற்றூர்களை ஒன்றிணைத்து நகராக்கினார். ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று. கோண்டு மக்களின் கோண்டி மொழி, திரவிட மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழுக்கு உறவுமொழி. இந்தியப் பரப்பின் நட்டநடுவே நிற்கும் ஒரு பெருநகரின் அடிக்கல்லை நட்டவர் திரவிட இனத்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நூற்றாண்டின் நடுவில், கோண்டு அரசக் குடும்பத்தினுள் எழுந்த பூசலில் தலையிட்ட மராட்டியப் படைத்தலைவர் இராகுசி போன்சலே, நகரைத் தமதாக்கிக் கொண்டார். போன்சலே மரபினர் அங்கிருந்து ஒரு நூற்றாண்டு ஆண்டனர். 1817-இல் சீதாபுல்திக் குன்றில் நடந்த போரில் ஆங்கிலர் வென்றனர். 1853-இல் மூன்றாம் இராகுசி ஆண்மகவின்றி மறைந்தபோது, தல்அவுசி வழிமரபற்ற அரசு என்று சொல்லி அவ்வரசை விழுங்கினார். 1861-இல் நடு மாகாணம் அமைக்கப்பட்டு, நாகபுரி அதன் தலைநகராயிற்று. ஐதராபாது நிசாமின் பகுதியாயிருந்த பேரார் 1903-இல் அதனோடு இணைக்கப்பெற்றது.

அம்மாகாணம் சென்னை மாகாணத்தைப் போன்றதொரு கலவை. வடக்கிலும் கிழக்கிலும் இந்தி வழங்கிற்று. தெற்கிலும் மேற்கிலும் மராட்டி வழங்கிற்று. இவற்றிற்கு இடையே காடும் மலையும் கோண்டு மக்களும் இருந்தனர். ஆங்கிலர் தம் ஆட்சி ஏந்தினைக் கருதிக் கோடு கிழித்தனரேயன்றி, மக்களின் நாவைக் கருதிக் கிழித்தாரல்லர். ஆயினும் நாகபுரி வளர்ந்தது. 1923-இல் பல்கலைக்கழகம் அமைந்தது. 1936-இல் உயர்முறைமன்றம் அமைந்தது. தொடர்வண்டிப் பாதைகள் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் அங்கே குறுக்கிட்டன.

கொள்கை பிறந்த ஊர்

வரலாற்றின் பெரும் முரண் இங்குத்தான் தொடங்குகின்றது. 1920 திசம்பரில் பேராயக் கட்சியின் ஆண்டு மாநாடு நாகபுரியில் கூடிற்று. அதற்குத் தலைமை தாங்கியவர் சேலம் விசயராகவாச்சாரியார். கட்சியின் மாநிலக் குழுக்களை ஆங்கிலர் வகுத்த எல்லைப்படி அமையாது, மொழிவழியே அமைத்தல் வேண்டும் என்னும் முடிவு அம்மாநாட்டில்தான் எடுக்கப்பெற்றது. தமிழ்நாட்டிற்கெனத் தனிக்குழு அமைந்ததும் அம்முடிவின் விளைவே. மொழிவழி மாநிலம் என்னும் கொள்கை அனைத்திந்திய அளவில் ஒரு பெருங்கட்சியால் ஏற்கப்பெற்ற ஊர் நாகபுரி.

அன்று வகுக்கப்பெற்ற அத்திட்டத்தில் மராட்டி பேசுவோர்க்கு ஒரே குழு அமைக்கப்பெறவில்லை என்பதையும் காணல் வேண்டும். பம்பாய் நகர், புனேயைத் தலையாகக் கொண்ட மகாராட்டிரம், நாகபுரி, பேரார் என நான்கு குழுக்கள் இருந்தன. மொழி ஒன்றே ஆயினும் நிலமும் வரலாறும் வாழ்வும் வேறுபட்டிருந்தமையை அன்றே உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் புலனாகும்.

1938 அக்டோபரில் நாகபுரிச் சட்டமன்றம், மராட்டிப் பகுதிகளைக் கொண்ட தனி விதர்ப்ப மாநிலம் வேண்டுமெனத் தீர்மானம் இயற்றிற்று. விடுதலைக்குப்பின் 1950-இல் அம்மாகாணம் மத்தியப் பிரதேசம் என்னும் பெயர் பெற்றபோதும் நாகபுரியே தலைநகராக நீடித்தது. 22 மாவட்டங்களுள் 8 மாவட்டங்கள் மராட்டி பேசுவன. ஏனைய 14 மாவட்டங்கள் இந்திப் பகுதியின. தலைநகரோ மராட்டிப் பகுதியினுள் இருந்தது. மொழிவழிப் பிரிவினை வருமாயின் இந்நகர் எப்பக்கம் செல்லும், யாருக்குத் தலைநகராகும் என்பதே அன்றைய வினா.

1953-இன் உடன்படிக்கை

மேற்கு மகாராட்டிரத்தினர் மராட்டி பேசும் நிலம் அனைத்தையும் ஒரே மாநிலமாக்கப் போராடினர். விதர்ப்பத்தினரோ தயங்கினர். பம்பாயும் புனேயும் செல்வத்தாலும் கல்வியாலும் முந்தியவை. அவற்றோடு இணைந்தால் தம் குரல் அமுங்கிவிடும் என்று அஞ்சினர். அவ்வச்சத்தைப் போக்கற்கு எழுந்ததே 28-9-1953-இல் கையெழுத்தான நாகபுரி உடன்படிக்கை.

அதன் உறுப்புகள் தெளிவானவை. மாநிலத்தின் தலைநகர் பம்பாய். விதர்ப்பம், மராட்டுவாடா, எஞ்சிய மகாராட்டிரம் என மூன்று பகுதிகள். மக்கள்தொகை அளவுக்கேற்ப வளர்ச்சிப் பணம் பகிரப்பெறும். பின்தங்கிய மராட்டுவாடாவிற்குத் தனிக்கருத்துச் செலுத்தப்படும். அரசுப்பணிகளிலும் அவ்வளவுக்கேற்ற இடம் உண்டு. உயர்முறைமன்றத்தின் கிளையொன்று நாகபுரியில் அமையும். இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒவ்வோராண்டும் குறிப்பிட்ட காலத்திற்கு அரசே நாகபுரிக்குப் பெயர்ந்து வரும். சட்டமன்றத்தின் ஒரு கூட்டத்தொடரேனும் ஆங்கே நடைபெறும்.

ஈண்டு ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சட்டமன்றம் வரும் என்று மட்டும் அவ்வுடன்படிக்கை கூறிற்றில்லை. அரசு பெயர்ந்து வரும் என்று கூறிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே பின்வந்த அறுபது எழுபது ஆண்டுகளின் வரலாறு.

பசல் அலி தலைமையில் குன்சுருவும் பணிக்கரும் உறுப்பினராக அமைந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம், 1955-இல் தந்த அறிக்கையில் 8 மாவட்டங்கள் கொண்ட தனி விதர்ப்ப மாநிலத்தையே பரிந்துரைத்தது. அதே ஆண்டில் வெளியான மொழிவழி மாநிலங்கள் பற்றிய நூலில் அண்ணல் அம்பேத்கரும் தம் கருத்தைத் தெளிவுறுத்தினார். ஒரு மாநிலத்திற்கு ஒரு மொழி என்பது சரி. ஒரு மொழிக்கு ஒரே மாநிலம் என்பது தேவையன்று என்பதே அவர் துணிவு. மராட்டி நிலத்தைப் பம்பாய் நகர், மேற்கு, நடு, கிழக்கு என நான்காக்கலாம் என்றார். அவற்றுள் கிழக்கு மகாராட்டிரம் என்பது விதர்ப்பமே. அந்நூலிலேயே இந்தியாவிற்கு ஐதராபாது இரண்டாம் தலைநகராதல் வேண்டும் என்றும் எழுதினார். தில்லி தென்னாட்டினர்க்கு எட்டாத் தொலைவு என்பதை உணர்ந்த பெருமகன் அவர்.

தில்லி இவ்விரண்டையும் ஏற்கவில்லை. குசராத்தையும் விதர்ப்பத்தையும் மராட்டுவாடாவையும் சேர்த்து இருமொழிப் பம்பாய் மாநிலத்தை அமைத்தது. 14-10-1956-இல் அம்பேத்கர் பேரெண்ணிக்கையிலான தம் மக்களோடு புத்தநெறி தழுவியதும் நாகபுரியில்தான். அந்நிகழ்ச்சி நடந்த பதினெட்டாம் நாள், 1-11-1956 அன்று, அந்நகரின் தலைமை பறிபோயிற்று. மத்தியப் பிரதேசத்தின் தலைநகர் போபாலுக்குப் பெயர்ந்தது. உயர்முறைமன்றம் சபல்பூருக்குச் சென்றது. அமைச்சகங்களும் ஏடுகளும் அலுவலர் குடும்பங்களும் வடக்கே சென்றன. கட்டடங்கள் மட்டுமே எஞ்சின.

அதே 1-11-1956, தமிழர்க்கும் எல்லை வகுத்த நாள். அன்று தமிழர் சிலவற்றைப் பெற்றனர், சிலவற்றை இழந்தனர். நாகபுரியோ மொழிவழிக் கொள்கை வென்ற அந்நாளில் தன் தலைமையையே இழந்தது.

பின்னர், நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர்நீத்த ஒன்றுபட்ட மகாராட்டிரப் போராட்டத்தின் விளைவாக, 1-5-1960-இல் மகாராட்டிரம் தோன்றிற்று. முதல் முதலமைச்சர் யசுவந்தராவ் சவான் நாகபுரி உடன்படிக்கையைப் போற்றுவதாக உறுதி கூறினார். அவ்வாண்டிலேயே நாகபுரியில் சட்டமன்றம் கூடிற்று. இரண்டாம் தலைநகர் என்னும் பெயர் நிலைத்தது.

இருகிழமைத் தலைநகர்

இரண்டாம் தலைநகர் எவ்வாறு நடைபெறுகின்றது? திசம்பர்த் திங்களில் அமைச்சரும் உறுப்பினரும் செயலரும் ஏடுகளைக் கட்டிக்கொண்டு மும்பையிலிருந்து வருகின்றனர். விருந்தில்லங்கள் வெள்ளையடிக்கப்பெறுகின்றன, சாலைகள் செப்பம் பெறுகின்றன. கூட்டத்தொடர் முடிந்ததும் அனைவரும் மீள்கின்றனர். 2022-இல் திசம்பர் 19 முதல் 30 வரை அவை கூடிற்று. 2023-இல் 7 முதல் 20 வரை கூடிற்று. 2024-இலோ 16 முதல் 21 வரை ஆறே நாள்கள். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அக்கூட்டத்தொடர் மும்பையிலேயே நடத்தப்பெற்றது. 2018-இல் மழைக்காலக் கூட்டத்தொடரை நாகபுரியில் நடத்தினர். சூலை 6 அன்று பெய்த மழைநீர் மன்ற வளாகத்து மின்னறையில் புகுந்தமையால் மின்சாரம் நிறுத்தப்பட்டு அவை ஒத்திவைக்கப்பட்டது. ஆண்டில் சின்னாள் மட்டும் குடிபுகும் வீட்டின் நிலை அதுதான்.

ஆயினும் அச்சின்னாள்களையே விதர்ப்பத்து எளிய மக்கள் ஆண்டு முழுதும் எதிர்நோக்குகின்றனர். மும்பை ஏறத்தாழ 800 கி.மீ. தொலைவில் உள்ளது. அரசு தம் ஊருக்கு வரும் நாளில்தான் அதன் முகத்தை அவர்கள் காணவியலும். உழவரும் ஆசிரியரும் பழங்குடியினரும் ஊர்வலமாகத் திரண்டு மன்றத்தை நோக்கி நடக்கின்றனர். 23-11-1994 அன்று, தம்மைப் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்குமாறு வேண்டிக் கோவாரி மக்கள் பெருந்திரளாக வந்தனர். காவலர் தடுத்தனர், நெரிசல் எழுந்தது, 114 பேர் மிதியுண்டு மாண்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அவருட் பலர். அரசு ஆண்டு முழுதும் அருகில் இருந்திருந்தால், ஆண்டின் குறையெல்லாம் ஒரு நாளிற் குவிந்து ஒரே தெருவில் நெருக்கியிருக்குமா? அவ்வுயிர்களின் நினைவாக நாகபுரியில் நிற்கும் நினைவுச்சின்னம் இவ்வினாவை இன்றும் எழுப்பிக் கொண்டேயிருக்கின்றது.

உடன்படிக்கையின் ஏனைய உறுப்புகள் என்னாயின? உயர்முறைமன்றக் கிளை அமைந்தது. அது மெய்யான பேறு. பணப்பகிர்வோ சொல்லளவில் நின்றது. 1983-இல் மாநில அரசு அமைத்த தாண்டேகர் குழு, பகுதிகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டு, பின்தங்கலை ஈடுசெய்ய ஏறத்தாழ 3,187 கோடி உருபா வேண்டும் என்றும், அதில் 39 விழுக்காடு விதர்ப்பத்தின் பங்கு என்றும் கண்டது. அரசமைப்புச் சட்டத்தின் 371(2)-ஆம் பிரிவு வளர்ச்சி வாரியங்களுக்கு 1956-லேயே வழி வகுத்திருந்தது. வாரியங்கள் அமைந்ததோ 1994-இல். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவ்விதி தாளில் உறங்கிற்று. அவ்வாரியங்களின் காலமும் 2020 ஏப்பிரலில் முடிந்து போயிற்று.

நீர்ப்பாய்ச்சலின்றி வானை நோக்கி நின்ற கரிசல் நிலத்தில் பருத்தி விளைத்த உழவர், கடன் சுமை தாங்காது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட கொடுமை உலகறிந்தது. 2006-இல் தலைமையமைச்சர் நேரிற் சென்று, விதர்ப்பத்தின் ஆறு மாவட்டங்களுக்கு 3,750 கோடி உருபாத் துயர்துடைப்புத் திட்டத்தை அறிவித்தார். கொடுக்க வேண்டியதைக் காலத்திற் கொடாது, பிணம் விழுந்தபின் கொடுப்பது ஆட்சியாகாது.

இதனை மும்பையின் வஞ்சனை என்று மட்டும் சொல்லி முடித்தலும் நேர்மையாகாது. கண்ணம்வார், வசந்தராவ் நாயக்கு, சுதாகரராவ் நாயக்கு, பட்னவீசு ஆகிய முதலமைச்சர்கள் விதர்ப்பத்தினரே. வசந்தராவ் நாயக்கு 1963 முதல் 1975 வரை பதினோராண்டுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். ஆகலின் நாற்காலியில் அமர்பவர் எவ்வூரார் என்பது மட்டும் போதாது. ஆட்சியின் அமைப்பே பகிரப்பெறல் வேண்டும். மும்பைக்கும் நாகபுரிக்கும் இடையே 701 கி.மீ. நீள விரைவுச்சாலை 2025-இல் முழுமையாகத் திறக்கப்பெற்றது. சாலை தொலைவைக் குறைக்கும். உரிமைத் தொலைவைக் குறைப்பது உடன்படிக்கையைப் போற்றும் நேர்மையொன்றே.

ஒருவர்க்கும் கணக்கில் வாராதவர்

இவ்வரலாற்றில் மறக்கப்பட்ட தரப்பொன்று உண்டு. நகரைத் தோற்றுவித்த கோண்டு மக்களின் மொழிக்கு எத்தலைநகர் கிடைத்தது? முதற்றலைநகரும் இல்லை, இரண்டாம் தலைநகரும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29 இலக்கம் மக்கள் கோண்டி பேசுகின்றனர். அவர்தம் நிலம் மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், சத்தீசுகட், தெலுங்கானா எனப் பல கூறாயிற்று. எட்டாம் அட்டவணையில் அம்மொழிக்கு இடமில்லை. 1975 சனவரியில் முதல் உலக இந்தி மாநாடு கூட்டப்பெற்றதும் நாகபுரியில்தான். கோண்டியர் நட்ட ஊரில், மராட்டியர் வாழும் ஊரில், இந்திக்கு உலக விழா! மொழிவழிக் கொள்கையை அரைகுறையாகக் கையாண்டதன் விளைவை இதனினும் தெளிவாகக் காட்டவியலாது.

பிறவும் தமிழர் கொள்ளும் பாடமும்

இரண்டாம் தலைநகர்கள் எல்லாம் ஒரு தன்மையின அல்ல. ஆங்கிலர் காலத்தில் சென்னை அரசு கோடையில் உதகைக்கு ஏறிற்று. அது வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையரின் ஏந்து. கருநாடகம் பெளகாவியில் 2012-இல் பெருமன்றம் திறந்தது. அது மகாராட்டிரத்தின் எல்லைக் கோரிக்கைக்கு விடுக்கப்பெற்ற விடை. உத்தரகண்டில் கைர்சைண் 2020-இல் கோடைத் தலைநகராக அறிவிக்கப்பெற்றது. அது மலைமக்களின் நெடுநாள் வேண்டுகை. நாகபுரியோ ஒரு மொழியினத்தின் ஒரு பகுதி மறுபகுதிக்குக் கொடுத்த உறுதிமொழி.

அத்தகைய உறுதிமொழிகள் வேறிடத்தும் உண்டு. சென்னையில் 1937-இல் உருவான சிறீபாகு உடன்படிக்கை, கடற்கரை ஆந்திரரும் இராயலசீமையினரும் செய்துகொண்டது. 1956-இல் தெலுங்கானாவினர்க்கு உறுதிமொழிகள் கொடுக்கப்பெற்றன, அவை காக்கப்பெறவில்லை. விளைவு, 2-6-2014-இல் தெலுங்கு நிலம் இரண்டாயிற்று. இதனைக் காட்டி, மொழிவழி மாநிலக் கொள்கையே தோற்றது என்று பறையறைவோர் உளர். அவர் கூற்று பொய். தோற்றது கொள்கையன்று, கொடுத்த சொல்லைக் காவாதவரின் நேர்மையே தோற்றது. தெலுங்கானாவும் தெலுங்கு மாநிலமே. விதர்ப்பம் நாளை தனித்து நின்றாலும் மராட்டி மாநிலமாகவே நிற்கும். ஒரு தாயின் மக்கள் இரு வீட்டில் வாழ்வது தாயை மறுப்பதாகாது. ஒரே வீட்டில் ஒருவனை உண்பித்து ஒருவனைப் பட்டினியிடுதலே தாயை மறுப்பதாம்.

தமிழ்நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. ம.கோ.இரா. முதலமைச்சராயிருந்த காலத்தில் திருச்சிராப்பள்ளியைத் தலைநகராக்கும் எண்ணம் எழுந்து அடங்கிற்று. 24-7-2004-இல் உயர்முறைமன்றத்தின் கிளை மதுரையில் தொடங்கிற்று. நெல்லைச் சீமையின் எளிய வழக்காளிக்குச் சென்னைப் பயணம் மிச்சமாயிற்று. 2020 ஆகத்தில், மதுரையா திருச்சியா என இரண்டாம் தலைநகர் பற்றி அமைச்சரிடையே சொற்போர் நிகழ்ந்தது. அவ்வுரையாடல் மீண்டும் எழுமாயின், எழுவோர் முதலில் நாகபுரியைப் பார்த்து வரட்டும். ஆண்டிற்கு இருகிழமை அமைச்சர் தங்கும் ஊரைத் தலைநகர் என்று அழைப்பதால் குமரியும் இராமநாதபுரமும் தருமபுரியும் ஒரு படியும் உயரா. துறைத் தலைமையகங்களும், முடிவெடுக்கும் உரிமையும், அதற்குரிய பணமும் பகிரப்பெறுதல் வேண்டும். பெயரைப் பகிர்வது எளிது; ஆளுமையைப் பகிர்வதே அரிது.

தில்லி தன் கையிற் குவித்துள்ள உரிமைகளை மாநிலங்களுக்குப் பகிர்க என்று கேட்கும் தமிழன், சென்னை தன் கையிற் குவித்துள்ளதை மாவட்டங்களுக்குப் பகிர மறுப்பானாயின், அவன் கேள்வியின் கூர் மழுங்கிவிடும். மொழியால் ஒன்றுபட்ட மக்களை நிலைநிறுத்துவது முறைமையே. நாகபுரிச் சட்டமன்றத்தின் கதவு ஆண்டில் சின்னாளே திறக்கின்றது. எஞ்சிய நாளெல்லாம் அப்பூட்டிய கதவு, 1953-இல் எழுதப்பெற்ற ஒரு சொல்லுக்குச் சான்றாக நின்றுகொண்டிருக்கின்றது. தம் நிலத்தில் எந்த ஊரின் கதவும் அவ்வாறு பூட்டிக் கிடவாதபடி காப்பது தமிழர் கடன்.

வெல்க தமிழ்!